செவ்வாயின் குகைகள்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கத்துப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் ஒரு சிறிய தொலைநோக்கியை எடுத்துச் சென்று, மாலை வேளைகளில் வானம் காட்டிவருகிறேன். செவ்வாய் சிவந்து தெரியும் நாள்களில், மனிதர் அங்கே குடியேறினால் எங்கே தங்குவார்கள் என்ற பேச்சு தானாகவே வந்துவிடும். குகைகளில் தங்கக்கூடும் என்று சொன்னதும் கேள்விகள் வரிசையாகத் தொடங்கும். ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தந்து, விடைகளை எழுதியிருக்கிறேன்.

ஏனுங்க, செவ்வாயில நெசமாலுமே குகை இருக்குதுங்களா?

குகைவாய் என்று கருதத்தக்க குழிகள் இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டில், அர்சியா மோன்ஸ் என்னும் மாபெரும் எரிமலையின் சரிவில் ஏழு கரிய வட்டங்களை, மார்ஸ் ஒடிசி விண்கலம் அனுப்பிய படங்களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவை ஏறத்தாழ 100 முதல் 250 மீட்டர் வரை அகலமுள்ளவை. அவற்றுக்கு டீனா, குளோயி, வெண்டி, ஆனி, ஆபி, நிக்கி, ஜீன் என்று பெயரிட்டு, ‘ஏழு சகோதரிகள்’ என்று அழைத்தார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் பின்னர் தொகுத்த பட்டியலில் இப்படிப்பட்ட இடங்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் குகையாக இருக்க வாய்ப்புள்ள இடங்கள் மட்டுமே. குழிக்கு அடியில் பக்கவாட்டில் வெற்றிடம் நீண்டு சென்றால்தான் அது குகை; இல்லையென்றால் அது வெறும் ஆழமான குழிதான். செவ்வாயின் எந்தக் குழிக்குள்ளும் இதுவரை எந்தக் கருவியும் இறங்கியதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற விடைகளைப் படிக்க வேண்டும்.

அந்தக் குகையெல்லாம் எப்படி உண்டாச்சு? நம்ம அரச்சலூர் மலையில இருக்கிற மாதிரிங்களா?

இல்லை. அரச்சலூரில் தமிழி எழுத்துகள் பொறித்த குகைத்தளமானாலும், கோவைக்கு அருகே குமிட்டிபதியில் பழைய ஓவியங்கள் உள்ள குகையானாலும், நம் பக்கத்தில் குகை என்று நாம் சொல்பவை பெரும்பாலும் கெட்டியான பழம்பாறைகளின் இடுக்குகளும், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளின் அடியில் அமைந்த நிழலிடங்களுமே. செவ்வாயில் தேடப்படுபவை எரிமலைக் குழம்பு ஓடிய குழாய்கள்.

காய்ச்சிய பாலை ஆறவிட்டால் மேலே ஆடை படிகிறது; அடியில் பால் இன்னும் சூடாகவே இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறாக ஓடும்போதும் அதன் மேற்பரப்பு அப்படித்தான் முதலில் இறுகிக் கூரையாகிறது. ஊற்று நின்றபின் உள்ளே இருந்த குழம்பு சரிவில் வடிந்துபோக, கூடு மட்டும் நீண்ட குழாயாக எஞ்சுகிறது. ஹவாய்த் தீவிலுள்ள கசுமுரா குகை இப்படி உண்டானதுதான்; அதன் நீளம் 65 கிலோமீட்டருக்கும் மேல். செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 விழுக்காடு மட்டுமே என்பதால், அங்கே கூரை தன் எடையால் இடிந்துவிடாமல் இதைவிட அகலமான குழாய்கள் நிலைத்திருக்க முடியும். கூரையின் ஏதாவது ஒரு பகுதி உடைந்து விழுந்தால், அந்தத் திறப்புதான் மேலிருந்து பார்க்கும் நமக்குக் கரிய வட்டமாகத் தெரிகிறது.

இத்தனை தூரத்துல இருந்து பார்த்துட்டு, அது குழியா குகையான்னு எப்படீங்க சொல்றாங்க?

என் அப்புச்சியின் தோட்டத்தில் பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு ஒன்று உண்டு. சித்திரை மாதத்தில் நீர் அடியாழத்துக்குப் போய்விடும். காலையில் மேட்டில் நின்று எட்டிப் பார்த்தால், மேல்பாதிச் சுவரும் அதன் பொந்துகளில் அடையும் மாடப்புறாக்களும் தெரியும். அதற்குக் கீழே கறுப்புதான். உச்சிப்பொழுதில் மட்டும் சிறிது நேரம் வெயில் நேராக இறங்கி, அடியில் கிடக்கும் கல்லும் பாசியும் தெளிவாகத் தெரியும். பத்துப் படி இறங்கினாலே வெளியே இருந்த அனல் விட்டுப்போகும். மார்கழி விடியலில் அதே இடம் வெளியைவிட வெதுவெதுப்பாக இருக்கும். செவ்வாயின் குழிகளை ஆராய்பவர்கள் நம்பியிருப்பது இந்த இரண்டையும்தான்: வெளிச்சம் எவ்வளவு தூரம் இறங்குகிறது, வெப்பம் எவ்வளவு மாறுகிறது.

சூரியன் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் குழியின் அகலமும் தெரிந்தால், வெளிச்சம் எட்டிய ஆழத்தைக் கணக்கிடலாம். அடி தெரியவில்லையென்றால் குழி அதைவிட ஆழம் என்று பொருள். வெப்பத்தை அளக்கும் கருவி, இந்தக் குழிகள் பகலில் சுற்றியுள்ள தரையைவிடக் குளிர்ந்தும் இரவில் வெதுவெதுப்பாகவும் இருப்பதைக் காட்டியது. ஏழு சகோதரிகளுள் ஜீன் முதலில் அடியே தெரியாத கறுப்பாகத்தான் இருந்தது. அதே 2007-இல் ஹைரைஸ் என்னும் கூர்மையான படக்கருவி, வேறொரு நேரத்தில், வெயில் கிழக்குச் சுவரில் விழுந்தபோது அதைப் படம் எடுத்தது. சுவர் குறைந்தது 178 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவது தெரிந்தது. பெரிய குகைக்கூடத்தின் வாய் என்பதைவிட நேராக இறங்கும் குழி என்றே அதைக் கருத வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை பார்த்ததால்தான் இது தெரியவந்தது.

மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் இன்னொரு செய்தி உண்டு. 2010-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், காட்டன்வுட் என்னும் சிற்றூரின் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படித்த 16 மாணவர்கள், எரிமலைக் குழாய்களைப் பற்றிய வகுப்புச் செயல்திட்டத்துக்காக மார்ஸ் ஒடிசியின் படங்களைத் துழாவியபோது, பவோனிஸ் மோன்ஸ் எரிமலையின் சரிவில் யாரும் குறிக்காத ஒரு குழியைக் கண்டுபிடித்தார்கள். பெரிய கருவி எதுவும் அவர்கள் கையில் இல்லை. பொறுமையாகப் பார்க்கும் கண் இருந்தது.

மேல வீடு கட்டிக்கிட்டா ஆகாதுங்களா? எதுக்குக் குகைக்குள்ள போயி இருக்கோணும்?

முதற்காரணம் கதிர்வீச்சு. செவ்வாய்க்குப் பூமியைப் போலக் கோள் முழுவதையும் காக்கும் காந்தப்புலம் இல்லை. காற்றழுத்தமும் நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் தரையில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட். பூமியில் இயற்கையாக நம்மீது படுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது, இங்கே ஓர் ஆண்டில் படுவது அங்கே நான்கே நாளில் பட்டுவிடும். மெல்லிய தகட்டால் கூரை போட்டு இதைத் தடுக்க முடியாது. விண்வெளிக் கதிர்கள் தகட்டில் மோதி வேறு துகள்களைச் சிதறடிக்கும். மீட்டர் கணக்கில் மண்ணோ பாறையோ மேலே இருக்க வேண்டும். குகையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது, வெப்பநிலை. நிலநடுக்கோட்டருகே நண்பகலில் 20 டிகிரி வரை ஏறும் வெப்பம் இரவில் மைனஸ் 70-க்குக் கீழே இறங்கிவிடும். சுவரும் இணைப்புகளும் தினமும் இப்படி விரிந்து சுருங்கினால் நெடுநாள் தாங்காது. மண் எவ்வளவு நல்ல போர்வை என்பதற்கு நம் சந்திரயான்-3 நிலவிலிருந்து சான்று தந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் அது நிலவின் மண்ணுக்குள் செருகிய வெப்பமானி, மேற்பரப்பில் 50 டிகிரியை ஒட்டியும், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரியாகவும் காட்டியது. நான்கு விரற்கடை ஆழத்துக்கே இவ்வளவு வேறுபாடு.

குகைக்குள்ள மூச்சு விடக் காத்து இருக்குமுங்களா?

இருக்காது. வெளியே உள்ள அதே மெல்லிய கரியமில வாயுதான் உள்ளேயும் இருக்கும். குகை என்பது மேற்கூரை மட்டுமே. காற்று புகாத கூடாரத்தையோ அறையையோ அதற்குள் அமைத்து, அதில்தான் வாழ வேண்டும்.

நாமக்கல் மண்ணைத்தானுங்களே செவ்வாய்ச் சோதனைக்கு எடுத்துட்டுப் போனாங்க?

அந்த மண் நிலவுக்கான சோதனைக்குப் போனது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெண்மையான பாறை, நிலவின் மேட்டு நிலங்களிலுள்ள பாறையை ஒத்தது. அதை இடித்துப் பொடியாக்கித்தான் இஸ்ரோ தரையிறங்கியையும் ஊர்தியையும் சோதித்துப் பார்த்தது. நம் மண்ணின் பெருமையைச் சரியாகச் சொல்வதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்பதால் இதைத் திருத்தியே ஆக வேண்டும். செவ்வாயின் எரிமலைப் பகுதிகளில் இருப்பது பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறை.

ஆனால் குகைத் தேடலோடு கொங்கு நாட்டுக்கு வேறொரு தொடர்பு உண்டு. பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 எடுத்த படங்களை ஆராய்ந்து, நிலவில் இடியாமல் எஞ்சிய எரிமலைக் குழாய் ஒன்று இருப்பதாக இஸ்ரோ ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள். அதன் பின்னர் 2024-இல், நிலவின் அமைதிக் கடல் பகுதியிலுள்ள ஒரு குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் குகை செல்வதை, 2010-இல் எடுத்து வைத்திருந்த ரேடார் பதிவுகளிலிருந்து இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். செவ்வாயில் செய்ய வேண்டியதற்கு நிலவு ஒரு நல்ல முன்னோட்டம்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒண்ணை அனுப்பித் துளை போட்டா குகையும் தெரியும், தண்ணியும் தெரியுமுங்களே?

இதைக் கேட்டவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர், நல்ல கேள்வி. முதலில் எடை. இதுவரை செவ்வாயில் இறக்கப்பட்ட ஊர்திகளுள் மிகக் கனமான பெர்சிவரன்ஸ் ஏறத்தாழ 1,025 கிலோதான். ரிக் லாரியின் எடையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தாலே நிலைமை விளங்கும். அடுத்தது காற்று. கம்ப்ரசர் தள்ளும் காற்றுதான் சுத்தியலை இயக்குகிறது, உடைந்த தூளையும் வெளியே ஊதித் தள்ளுகிறது. செவ்வாயில் அழுத்திச் சேர்ப்பதற்குப் போதிய காற்றே இல்லை.

சிறிய துளைக்கே அங்கே பட்ட பாடு பெரிது. 2018-இல் இறங்கிய இன்சைட் கலம், 40 சென்டிமீட்டர் நீளமுள்ள, தன்னைத்தானே அடித்து இறங்கும் ஒரு கோலைக் கொண்டுபோயிருந்தது. ஐந்து மீட்டர் ஆழம் இறங்க வேண்டிய அந்தக் கோலுக்குச் சுற்றியிருந்த மண் பிடிமானம் கொடுக்கவில்லை. கலத்தின் கையால் மேலிருந்து அழுத்திப் பார்த்தார்கள், பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு முயன்றும் கோல் தன் நீளத்துக்கு மேல் இறங்கவில்லை. 2021 ஜனவரியில் முயற்சியைக் கைவிட்டார்கள். கேசிங் பைப் நிற்காத மண்ணோடு போராடியவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஆழத்திலுள்ள பாறையைப் பார்க்க இயற்கையே திறந்து வைத்த வாய்களைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குகைக்குள்ள தண்ணி கெடைக்குமுங்களா?

பனிக்கட்டியாகக் கிடைக்க வாய்ப்புண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் தரைமேல் பனி நிலைக்காது. வெயில் படாத குகைக்குள் நெடுங்காலம் தங்கக்கூடும் என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. கலிஃபோர்னியாவின் லாவா பெட்ஸ் பகுதியில், வறண்ட நிலத்துக்கு அடியிலுள்ள எரிமலைக் குழாய்கள் சிலவற்றில் கோடையிலும் பனிக்கட்டி கிடக்கிறது. கிடைத்தாலும் அப்படியே குடித்துவிட முடியாது. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்னும் நச்சு உப்பு இருப்பதை 2008-இல் பீனிக்ஸ் கலம் கண்டறிந்தது. வடித்தெடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

பார்த்த குகையெல்லாம் மலை மேலயே இருக்குது. அங்க எப்படீங்க எறங்குவாங்க?

கேட்கும் கேள்விகளிலேயே இதுதான் மிகக் கடினமானது. அர்சியா மோன்ஸின் உச்சி 17 கிலோமீட்டருக்கும் மேல் உயரம். உச்சியில் காற்றழுத்தம் தாழ்நிலத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. பாராசூட் விரிந்து வேகத்தைக் குறைக்க அது போதாது. இதுவரை இறங்கிய கலங்கள் எல்லாம் தாழ்வான இடங்களைத் தேர்ந்தெடுத்தவையே. இன்ஜெனியூட்டி என்னும் 1.8 கிலோ ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் முதல் 2024 ஜனவரி வரை 72 முறை பறந்து காட்டியது. ஆனால் அது பறந்ததும் தாழ்வான ஜெசீரோ பள்ளத்தில்தான். ஆகவே மிகப் பெரிய குகைவாயை நாடுவதைவிட, தாழ்ந்த எரிமலைச் சமவெளிகளில் சிறிய குகைவாய் ஒன்றைத் தேடுவதே அறிவுடைமை என்று நான் நினைக்கிறேன்.

சரி, இறங்கியாச்சுன்னு வெச்சுக்குவோம். உள்ள மொதல்ல யாரு போவாங்க?

இயந்திரங்கள்தான், அதுவும் ஒன்றல்ல, பல. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். குகைக்குள் ரேடியோ அலையும் எட்டாது. கிணற்றுக்குள் இறங்கும்போது செல்பேசிப் பேச்சு அறுந்துபோவதைப் போலத்தான். வெயில் இல்லாததால் சூரியத்தகடும் உதவாது. எனவே தானே வழி கண்டு, மின்கலத்தில் இருப்பு தீருமுன் திரும்பிவரக்கூடிய இயந்திரம் வேண்டும்.

வாயிலிருந்து கயிற்றில் இறங்குவது ஒரு வழி. நாசாவின் ஜெட் உந்து ஆய்வகத்தில் உருவான ஆக்சல் என்னும் இருசக்கர ஊர்தி, மின்சாரமும் செய்தியும் செல்லும் வடத்தில் தொங்கியபடியே செங்குத்துச் சுவரில் இறங்கக்கூடியது. உள்ளே கற்குவியல்களைக் கடக்கக் கால்களுள்ள இயந்திரங்கள் ஏற்றவை. 2018 முதல் 2021 வரை அமெரிக்காவில் நிலத்தடி இயந்திரங்களுக்கென்றே ஒரு பெரும் போட்டி நடந்தது. சுரங்கம், கட்டடத்தின் அடித்தளம், குகை ஆகியவற்றுக்குள் இயந்திரங்கள் தாமாகவே நுழைந்து, போகும் வழியெங்கும் சிறிய ரேடியோப் பெட்டிகளைப் போட்டுக்கொண்டே சென்று, அவற்றின் வழியாகச் செய்தி அனுப்பின. செவ்வாயிலும் ஏறத்தாழ இப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். மனிதர்களுக்கும் பயிற்சி நடக்கிறது: ஐரோப்பிய விண்வெளி முகமை 2011 முதல் விண்வெளி வீரர்களை இத்தாலியின் சார்டினியாத் தீவு போன்ற இடங்களின் குகைகளுக்குள் தங்கவைத்து, அளக்கவும் வரைபடம் போடவும் பழக்கிவந்திருக்கிறது.

கூரை இடிஞ்சு தலையில விழுந்துட்டா?

எரிமலைக் குழாய்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிற்பவை; ஈர்ப்புக் குறைவு என்பதையும் இரண்டாவது விடையில் சொன்னேன். ஆனால் திறப்பு என்பதே இடிந்த இடம் என்பதை மறக்கக்கூடாது. உள்ளிருக்கும் கூரையைவிட வாயின் விளிம்புதான் அதிக ஆபத்து. பழங்கிணற்றின் ஓரத்தில் கல் நெகிழ்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செவ்வாயில் நில அதிர்வும் உண்டு: இன்சைட் கலம் நான்கு ஆண்டுகளில் 1,300-க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது, அவற்றுள் பெரியது 2022 மே 4 அன்று 4.7 அளவில் ஏற்பட்டது. ஒரு குகையில் குடியேறுவதற்கு முன், அதில் அதிர்வுமானியை வைத்துப் பல ஆண்டுகள் கவனித்தாக வேண்டும்.

உள்ள ஏதாச்சும் உசிரு இருந்தா, நாம போயி அதைக் கெடுத்துர மாட்டமா?

கோபி பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது இது. இந்தப் பக்கத்தை நான் தொகுக்கத் தொடங்கியதே இந்தக் கேள்விக்குப் பிறகுதான். கதிர்வீச்சிலிருந்து நம்மைக் காக்கும் அதே கூரை, அங்கே நுண்ணுயிர்கள் என்றேனும் இருந்திருந்தால் அவற்றையும் அவற்றின் தடயங்களையும் காத்திருக்கும். மனிதர் வாழ ஏற்ற இடமும் உயிர்த்தடயம் தேட ஏற்ற இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஒரு மனிதர் உள்ளே போனால் கோடானுகோடி நுண்ணுயிர்களும் கூடவே போகும். அதன்பின் அங்கே ஓர் உயிரைக் கண்டாலும், அது அங்கேயே இருந்ததா நாம் கொண்டுபோனதா என்று பிரித்தறிவது மிகவும் கடினம்.

1967-இன் விண்வெளி உடன்படிக்கை, பிற கோள்களை ஆராயும்போது அவற்றுக்குத் தீங்கான மாசு ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 1976-இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களையும் அனுப்புமுன் 110 டிகிரிக்கும் மேலான சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தார்கள். இயந்திரத்தை இப்படிச் சூடாக்கலாம், மனிதரைச் சூடாக்க முடியாது. ஆகவே ஒரு குகையில் குடியேற நினைத்தால், அதைப் போன்ற வேறு சில குகைகளையேனும் தூய்மையாக்கிய இயந்திரங்கள் முழுமையாக ஆராய்ந்து முடித்திருக்க வேண்டும் என்பதும், சில குகைகளை மனிதர் என்றுமே நுழையாமல் விட்டுவைக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அவசரம் நமக்குத்தான், அந்தக் குகைகளுக்கு இல்லை.

இதெல்லாம் எங்க காலத்துல நடக்குமுங்களா, சார்?

பூமியிலிருந்து செவ்வாய்க்குப் புறப்பட ஏற்ற காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இப்போது பள்ளியில் படிப்பவர்கள் வேலைக்குப் போகும் வயதில், இயந்திரம் ஒன்று குகைவாயை எட்டிப் பார்ப்பது நடக்கக்கூடியதே. குடியேற்றம் அதற்கு வெகுகாலம் பின்னால்தான். மனிதர் போவதற்கு ஆண்டு குறித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

உள்ள என்னதான் இருக்கும்னு நீங்க நெனைக்கிறீங்க?

ஓரளவு பார்த்திருக்கிறோம். பவோனிஸ் மோன்ஸ் சரிவில், மாணவர்கள் கண்டதல்லாத வேறொரு குழியை 2011-இல் ஹைரைஸ் படம் எடுத்தது. புனல் போலச் சரிந்த பள்ளத்தின் நடுவே ஏறத்தாழ 35 மீட்டர் அகலத்தில் ஒரு துளை. வெயில் அதன் வழியே இறங்கி, ஏறக்குறைய 28 மீட்டர் ஆழத்தில் ஒரு குவியலின் உச்சியில் விழுகிறது. களத்தில் தூற்றிக் குவித்த நெல் அம்பாரத்தைப் போல, மேலிருந்து சரிந்த மண்ணும் கல்லும் கூம்பாகக் குவிந்திருக்கின்றன. அந்தக் குவியலின் உயரமே 60 மீட்டருக்கும் மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மண் சரிந்து விழுவதற்கு முன் அந்தக் குகை ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம் இருந்திருக்க வேண்டும். படத்தில் வெயில் பட்ட குவியலும் துளையின் விளிம்பும் துல்லியமாகத் தெரிகின்றன. குவியலின் சரிவு நாலாபுறமும் இறங்கி நிழலுக்குள் போய்விடுகிறது.